நாலு பெட்டிக்கும் ஒரே பேச்சு

ஈரோட்டுப் பக்கம் ஒரு மஞ்சள் வியாபாரிகள் சங்கம் பிளாக்செயின் வைத்துக்கொண்டது. எந்த மூட்டை எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது என்ற கணக்கை ஐந்து கம்ப்யூட்டர் பெட்டிகள் ஆளுக்கொரு நகலாக வைத்திருக்கும். அந்தப் பெட்டிக்கு நோட் என்று பெயர். ஐந்தையும் நிறுவி நலம் பார்க்கும் வேலை மாசிலாமணியிடம் வந்தது. அவனுக்குப் புத்தி கொஞ்சம் மட்டு, சிரத்தை ஏராளம். ஆபத்தே அதுதான்.

சங்கச் செயலாளர் சாமியப்பன் முதலிலேயே சொல்லிவிட்டார். "சாயங்காலம் நான் வர்றப்ப எல்லாம் ஒழுங்கா இருந்தா என்ற பொண்ணைக் கட்டிக்குங்க. இல்லீன்னா வந்த வழியே போயிருங்க."

அவர் மகள் கனகமணி மேல் மாசிலாமணிக்கு உயிர். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூட இறங்கவில்லை, பாவம்.

சென்னையிலிருந்து மேலதிகாரி போனில் சொன்னதை அவன் மந்திரம்போல் மனப்பாடம் செய்திருந்தான். 'பெட்டியை அடிக்கடி விசாரி. பதில் இல்லையென்றால் சுவிட்சை அணைத்துத் திரும்பப் போடு. மற்றதோடு ஒத்துப்போகாத பெட்டி கெட்ட பெட்டி, கழற்றிவிடு.'

புதுப் பெட்டி பழைய கணக்கையெல்லாம் முதலிலிருந்து படித்து முடிக்கும்வரை வாயே திறக்காது. அது மாசிலாமணிக்கும் அவன் கூட்டாளிகள் இருவருக்கும் தெரியாது. கேட்டார்கள், பதில் இல்லை, அணைத்துப் போட்டார்கள். பெட்டி மறுபடி முதல் மூட்டையிலிருந்து ஆரம்பித்தது.

"ஏனுங்க, பதிலையே காணமே?" என்றான் கூட்டாளி குப்புராசு.

"நாம விசாரிக்கறது பத்தலப்பா. ஒடம்பு முடியாதவங்கள ஒருக்காக் கேட்டாப் போதுமா?"

மூச்சுவிடாமல் விசாரித்தார்கள். அணைப்பதும் போடுவதுமாக மத்தியானத்துக்குள் நாலு பெட்டிகள் ஒரேயடியாக அடங்கிவிட்டன.

ஐந்தாவது பெட்டி இன்னொரு கூட்டாளி வெள்ளியங்கிரியின் பொறுப்பு. அவன் மூட்டைமேல் சாய்ந்து தூங்கிப்போனதால் அது நிம்மதியாகப் படித்து முடித்து, பச்சை விளக்கு எரிய, "நலம்" என்று திரையில் காட்டியது.

"அடப்பாவி, என்னடா பண்ணுனே?" என்று அலறினான் மாசிலாமணி.

"சத்தியமா நான் ஒண்ணுமே பண்ணலீங்க!"

மூவரும் கூடி யோசித்தார்கள்.

"நாலு பெட்டி ஒரே மாதிரி இருக்குது. இது மட்டும் தனியா என்னமோ சொல்லுது" என்றான் குப்புராசு.

"அப்ப எது கெட்டது?"

"ஊரோட ஒத்துப்போவாததுதானுங்க."

மாசிலாமணி கண்கலங்க ஐந்தாவது பெட்டியைக் கழற்றிச் சாக்கில் கட்டினான்.

சாயங்காலம் சாமியப்பன் வந்தார். "எப்படி, ஒத்துப்போவுதா?"

"நாலுக்கும் ஒரே பேச்சுங்க. ஒண்ணுகூட மாத்திச் சொல்லல."

"என்ன சொல்லுதுங்க?"

"ஒண்ணுமே சொல்றதில்லீங்க."

செயலாளர் நெகிழ்ந்துபோனார். சங்கம் தொடங்கிய நாளிலிருந்து ஒரு கூட்டமாவது சண்டையில்லாமல் முடிந்ததை அவர் கண்டதில்லை. அன்றே நாலு பெட்டிகளையும் நிர்வாகக் குழுவில் சேர்த்து, ஆளுக்கொரு நாற்காலி போட்டு உட்காரவைத்தார். பிறகு துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அவற்றின் முன் நின்று, "என்ற பொண்ணை இந்தத் தம்பிக்குக் கொடுக்கறதுல யாருக்காச்சும் ஆட்சேபணை உண்டுங்களா?" என்று கேட்டார்.

ஒரு பெட்டியும் மறுக்கவில்லை. வருகிற தையில் கல்யாணம்.