இரண்டு காவல்காரர்கள்

சாரல் இறங்கும் மலையடிவாரத்தில் ஓர் ஆசிரமம். அதன் குரு செண்பகவல்லி அம்மாவுக்கு நாற்பது வயதுதான். சீடர் ஆவுடையப்பனுக்கு அறுபத்து மூன்று. சார்பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வில்லங்கம் பார்க்காமல் ஒரு பத்திரத்திலும் கையெழுத்துப் போட்டதில்லை என்பது அவருடைய பெருமை. ஆசிரமத்து வாசலில் கைபேசியைக் கொடுத்துவிட்டு உள்ளே வந்தவர், அந்தப் பெருமையை மட்டும் கூடவே கொண்டுவந்துவிட்டார்.

உள்ளே இருப்பது நூலகத்துக் கணினி ஒன்றுதான். அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு ஆவுடையப்பனுக்கு. இரவில் கரண்ட் மெயினை இறக்கிவிடுவது அங்கே வழக்கம். காலைப் பிரார்த்தனை முடிந்து, ஐந்தே முக்காலுக்குத்தான் ஏற்றுவார்கள்.

வெள்ளிக்கிழமைதோறும் காலை ஆறு மணிக்கு நியூசிலாந்திலிருந்து அவர் மகள் குழல்மொழி வீடியோவில் கூப்பிடுவாள். அங்கே அவளுக்குச் சாப்பாட்டு நேரம். இருபது நிமிஷம் கிடைக்கும். விரும்பியவனைக் கட்டிக்கொண்டு போனவளிடம் மனுஷர் நாலு வருஷம் பேசவில்லை. அவளேதான் மனமிறங்கி வந்தாள். முதல் வாரம் முகம் தெரிந்ததும் மாப்பிள்ளையின் வேலை என்ன, சம்பளம் என்ன, குடும்பம் எப்படி என்று அடுக்கிக்கொண்டே போனார். அவள் வைத்துவிட்டாள். அடுத்த இரண்டு வாரமும் கணினி திறப்பதற்கே ஆறரை ஆகிவிட்டது.

"இந்த வெள்ளியும் கிடைக்கலேன்னா இனிமே கூப்பிடமாட்டேன்" என்று எழுதியிருந்தாள்.

வியாழக்கிழமை காலை அவர் செண்பகவல்லி அம்மாவிடம் போய் நின்றார்.

"இந்த மெஷின் ஏம்மா இப்படிப் படுத்துது?"

"வாங்க, பாப்போம்" என்று அம்மா கூட வந்து உட்கார்ந்தார்.

திரையில் வட்டம் சுற்றியது. ஜன்னலுக்கு வெளியே மேகம் இறங்கி மரங்களை ஒவ்வொன்றாக மறைத்தது. ஆவுடையப்பனுக்குக் கண் சொக்கியது.

பழைய பதிவு அலுவலகம். அவர் நாற்காலியில் இருக்கிறார். எதிரே மகள் வெறுங்கையோடு நிற்கிறாள். மூலப்பத்திரம் எங்கே, சாட்சி எங்கே என்று கேட்கிறார். அவள் வாய் அசைகிறது, சத்தம் வரவில்லை. மேசைக்கும் அவளுக்கும் நடுவே மேகம் நிறைகிறது. எழுந்து போகலாமென்றால், மடியில் கட்டுக்கட்டாகப் பத்திரங்கள்.

விழித்தபோது கணினி திறந்திருந்தது. மணி ஆறு இருபத்தைந்து. அவர் கண்ணோரம் நனைந்திருந்தது. அம்மா பார்க்காதது போலத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆன்டிவைரஸ் ரெண்டு போட்டிருக்கீங்களே ஐயா?"

"ரெண்டு வாரத்துக்கு முன்னாலதான் ரெண்டாவதையும் போட்டேன். ஒண்ணு விட்டத இன்னொண்ணு பிடிக்கும்லா?"

"ரெண்டும் மொதல்ல ஒண்ணையொண்ணு சந்தேகப்படுது. அப்புறம் ராத்திரி விட்டுப்போன அப்டேட்டையெல்லாம் எறக்குது. அப்புறம் வீடு பூரா சோதனை. எல்லாம் முடிஞ்சாத்தான் உங்களுக்கே கதவு."

அம்மா ஒன்றை நீக்கினார். மற்றதைக் காவலுக்கு விட்டுவிட்டு, அதன் அப்டேட்டையும் முழுச் சோதனையையும் மதியம் ஒரு மணிக்கு மாற்றி வைத்தார்.

மறுநாள் இரண்டே நிமிஷத்தில் கணினி திறந்துவிட்டது. சந்தோஷப்படவேண்டியதுதானே? அவரோ ஓடிப்போய் அம்மாவைக் கூட்டி வந்தார்.

"இவ்வளவு சீக்கிரம் தொறந்துட்டுதேம்மா. ஒண்ணையும் சோதிக்கவே இல்லையே."

"மத்தியானம் சோதிக்கும்."

"அதுக்குள்ள ஏதாவது உள்ள வந்துட்டா?"

மணி ஆறு. திரையில் அழைப்பு ஒலித்தது.

"வாறது உங்க மகதான், ஐயா."

ஆவுடையப்பன் பொத்தானை அழுத்தினார். குழல்மொழியின் முகம் தெரிந்தது. என்ன கேட்கப்போகிறாரோ என்று அவள் காத்திருந்தாள். அவர் ஒன்றும் கேட்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார்.