நிலைப்படியில் மாட்டிய பீரோ

இருட்டியதும் வாசலில் ‘கிரீச்’ என்று பல் கூசும் சத்தம். சுகந்தி கைக்குழந்தையோடு ஓடி வந்தாள். குடிவந்த முதல் நாளே மர பீரோ நிலைப்படியில் குறுக்காக மாட்டிக்கொண்டு நின்றது. கதவைச் சாத்த வழியில்லை. கணவனுக்கோ மில்லில் ராத்திரி ஷிப்ட்.

“நாமளே ஒரு டெம்போ வெச்சு வந்திருக்கலாமுங்க அம்மிணி,” என்றாள் வீட்டு வேலை செய்யும் பூவாத்தா.

சுமை தூக்கும் ஆட்களோடு வெளியே நின்ற, வீடு மாற்றித் தரும் கம்பெனியின் சூப்பர்வைசர் தயாளன் டையைச் சரிசெய்தார். “தானே வீடு மாத்துறவங்களுக்கு ரூல் கிடையாது. எங்களுக்கு உண்டு. மணி ஆறரை ஆச்சு. இதுக்கு மேல வேலை இல்லை. மிச்சம் நாளைக்கு. இன்னிக்கு வேலைக்குக் கையெழுத்துப் போடுங்க.”

“ராத்திரி முழுக்க கதவு திறந்தே கிடக்குமே!” என்றாள் சுகந்தி.

“ரூல்னா ரூல்தான் மேடம்.”

“சரிதானுங்க. பின்கதவு வழியா வாங்க சார், காபி கலக்கறேன்,” என்றாள் பூவாத்தா.

வந்தார், குடித்தார், கையெழுத்தும் வாங்கினார். திரும்பிப் பார்த்தால் சாமி விளக்கு எரிகிறது, பின்கதவில் பூட்டு தொங்குகிறது.

“இந்த வீட்டுக்கும் ஒரு ரூல் இருக்குதுங்க சார். விளக்கு வெச்சுட்டா பின்கதவைத் திறக்க மாட்டோம், லட்சுமி போயிடுவா. விடிஞ்சுதான் திறப்போம். நீங்க முன்வாசல்ல தாராளமாப் போங்க.”

தயாளன் முன்வாசலைப் பார்த்தார். பூனை நுழையக்கூட இடமில்லை.

“டேய், தூக்குங்கடா!”

“மணி ஆறரை தாண்டிருச்சுங்களே சார்?” என்று வெளியிலிருந்து ஒரு குரல் சிரித்தது.

“ரூலாவது ஒண்ணாவது! தூக்குடா!”

டையைத் தோள்மேல் போட்டுக்கொண்டு அவரும் உள்ளிருந்து இழுத்தார். பத்தே நிமிஷத்தில் பீரோ உள்ளே வந்தது, அவர் வெளியே போனார்.

சுகந்தி முன்கதவைச் சாத்தி உள்தாழ்ப்பாள் போட்டாள்.