முப்பத்திரண்டு பவுண்டு வில்

ஓசூரைத் தாண்டி, ரோஜாத் தோட்டங்கள் முடிகிற இடத்தில் ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. அங்கே வில் செய்கிறவர் ஹம்சவேணி. ஒரு காலத்தில் போட்டிகளில் வில் எய்தவர். இப்போது எய்கிறவர்களுக்கு வில் செய்து கொடுக்கிறார்.

அவரிடம் வேலை கற்றுக்கொள்ள வந்தவர் தாமோதரன். கதவு, கட்டில், தொட்டில் செய்த தச்சர். வயதில் ஹம்சவேணியைவிட நன்றாக மூத்தவர். அவர் ஹம்சவேணியை ‘டீச்சர்’ என்பார். ஹம்சவேணி அவரை ‘அண்ணா’ என்பார். இரண்டு பேருக்கும் அதில் சங்கடம் எதுவும் இல்லை.

மெல்லிய மரத்தகடுகளை அடுக்கி, மேலும் கீழும் ஃபைபர் தகடு வைத்து, பசை போட்டு, அச்சில் இறுக்கிச் சூடு காட்டினால் வளைந்த பலகை ஒன்று கிடைக்கும். கொட்டகையில் அதற்கு ‘மொட்டை’ என்று பெயர். நாண் மாட்ட வெட்டு இருக்காது. கையில் பொருந்துகிற பிடி இருக்காது. அரத்தாலும் உப்புத்தாளாலும் தேய்த்துத்தான் அதை வில்லாக்க வேண்டும். தேய்க்கத் தேய்க்க நாணை இழுக்க வேண்டிய பலம் குறையும்; அந்தப் பலத்தைப் பவுண்டில் சொல்வார்கள்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. மொட்டையைக் கற்கிறவர் கையில் கொடுத்துவிட்டால், டீச்சர் அதற்குப் பிறகு அதைத் தொடமாட்டார். கேட்டால் பதில் சொல்வார். சில சமயம் பதிலுக்கு ஒரு கேள்வி கேட்பார்.

தாமோதரன் முதல்முறையாகத் தனியாக ஒரு மொட்டையை எடுத்தார். அது அவருடைய மகள் சுகந்திக்கு.

சுகந்தி கல்லூரியில் படிக்கிறாள். மர வில் பிரிவில் எய்கிறாள். போன வருடம் பயிற்சியின்போது வலது தோள் நழுவிவிட்டது. அறுவை சிகிச்சை, ஓய்வு, உடற்பயிற்சி எல்லாம் முடிந்து, இனி வில் எடுக்கலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். வருகிற ஞாயிற்றுக்கிழமை மாவட்ட அணிக்கான தேர்வு. அதற்குத்தான் இந்த வில்.

மொட்டையை மேசையில் வைத்துவிட்டுத் தாமோதரன் கேட்டார்.

“டீச்சர், தேய்க்கத் தெரியும். எங்கே நிறுத்தணும்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?”

“சுகந்தி எத்தனை பவுண்டு கேட்டா?”

“முப்பத்திரண்டு. அதுக்குக் கீழே போனா அம்பது மீட்டருக்கு அம்பு ஒழுங்கா போகாதுன்னு சொன்னா.”

“கடைசியா நைஸ் உப்புத்தாள் போடும்போது ஒரு பவுண்டு போயிடும். முப்பத்திமூணுல நிறுத்துங்க.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

அவ்வளவு பெரிய கேள்விக்கு இவ்வளவு சின்னப் பதிலா என்று தாமோதரனுக்கு இருந்தது. ஆனாலும் தலையாட்டினார்.

ஃபைபர் தூள் தோலில் பட்டால் அரிக்கும். அவர் முழுக்கைச் சட்டை போட்டு, மூக்கை மூடிக்கொண்டு வேலையைத் தொடங்கினார். பிடிக்கு மேலும் கீழும் வளைகிற இரண்டு தண்டுகளின் ஓரத்தைக் கோடு போட்டு வெட்டினார். நுனிகளில் நாணுக்கு வெட்டுப் போட்டார். பிடியை மகளின் உள்ளங்கை அளவுக்குச் செதுக்கினார். பிறகு நாணை மாட்டி, சுவரில் இருந்த முளையில் வில்லைப் பொருத்தினார். நாணில் தராசுக் கொக்கி, கொக்கியில் கயிறு, கயிறு கப்பி வழியாக அவர் கைக்கு வந்தது. புது வில் உடைந்து தெறித்தாலும் ஆள்மேல் படாதபடி தள்ளி நின்று இழுத்தார்.

வில் உடையவில்லை. தராசு முள் முப்பத்தாறில் நின்றது.

“மேல் தண்டு வலப்பக்கம் முறுக்குது, டீச்சர்.”

“ஆமா. எந்தப் பக்கம் பலமா இருக்கோ அந்தப் பக்க ஓரத்தைத் தேய்ங்க.”

தேய்த்தார். முறுக்கல் போய்விட்டது. நாண் இரண்டு தண்டுகளின் நடுவிலும் கோடு போட்டது மாதிரி ஓடியது. தராசு முப்பத்துநான்கு காட்டியது.

மறுநாள் காலையில் ஹம்சவேணி வந்தபோது தாமோதரன் ஏற்கெனவே தேய்த்துக்கொண்டிருந்தார்.

“இப்ப என்னண்ணா?”

“கீழ்த் தண்டு கொஞ்சம் முறைக்குது, டீச்சர்.”

“யாரை?”

தாமோதரன் சிரித்தார். கை நிற்கவில்லை.

ஹம்சவேணி குனிந்து கீழ்த் தண்டைப் பார்த்தார். நிமிர்ந்து தன் வேலையைப் பார்க்கப் போனார்.

மதியம் தாமோதரன் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கவே இல்லை. கீழ்த் தண்டைத் தேய்த்ததால் அது மேல் தண்டைவிட அதிகம் வளைந்தது. அதைச் சரிசெய்ய மேல் தண்டைத் தேய்த்தார். பிறகு மேல் தண்டு அதிகம் வளைந்தது. ஓரங்கள் கூராக இருந்தால் கையைக் கிழிக்கும் என்று எல்லா ஓரங்களையும் உருட்டினார். அதன் பிறகு இன்னொரு முறை உருட்டினார்.

சாயங்காலம் அவர் வில்லை மேசையில் வைத்தார். வெளிச்சம் அதன்மேல் வழுக்கிக்கொண்டு ஓடியது.

“முடிஞ்சுதா, டீச்சர்?”

“மாட்டி இழுங்க.”

அவர் இழுத்தார். முள் இருபத்தெட்டில் நின்றது. இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள்.

“ரெண்டு தண்டும் சமமா வளையுது,” என்றார் தாமோதரன்.

“வளையுது. இவ்வளவு சமமா நான்கூட செஞ்சதில்ல.”

“ஆனா?”

“ஆனான்னு நான் சொல்லலையே.”

தாமோதரன் கயிற்றை மெதுவாகத் தளர்த்தினார். முள் கீழே வந்து ஓய்ந்தது.

“முப்பத்திமூணைத் தாண்டும்போது பார்த்தீங்களா, அண்ணா?”

“பார்த்தேன்.”

“முப்பதைத் தாண்டும்போது?”

தாமோதரன் முகத்திரையைக் கழற்றி மடித்தார். ரொம்ப நேரம் மடித்தார்.

“அன்னைக்கு மைதானத்துல அவளுக்குப் பின்னாடிதான் நின்னேன், டீச்சர். தோள் நழுவின சத்தம் கேட்டுச்சு. சின்னச் சத்தம்தான். பக்கத்துல இருந்தவங்களுக்குக்கூட கேக்கல. எனக்குக் கேட்டுச்சு.”



“நாளைக்கு வரும்போது சுகந்தியையும் கூட்டிட்டு வாங்க,” என்றார் ஹம்சவேணி.

மறுநாள். கொட்டகைக்குப் பின்னால் நீளமான காலி இடம். ஐம்பது மீட்டர் தள்ளி வைக்கோல் இலக்கு. சுகந்தி வில்லைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிடியில் விரல்களை வைத்து எடுத்தாள்.

“எப்படி இருக்கு?” என்று கேட்டார் தாமோதரன்.

“ரொம்ப அழகா இருக்குப்பா.”

அவள் முதல் அம்பை விட்டாள். அது இலக்குக்கு முன்னாலேயே புல்லில் செருகியது. வில்லைக் கொஞ்சம் உயர்த்தி இரண்டாவதை விட்டாள். அதுவும் புல்லில். மூன்றாவது, வைக்கோலின் அடி ஓரத்தைத் தொட்டுக் கீழே விழுந்தது.

“கொய்யாக்கா அடிக்கிற மாதிரி வானத்தைப் பார்த்து விடணும் போல இருக்கே. அப்பா, இது வில்லா, தொட்டிலா?”

“என்னம்மா இப்படிச் சொல்றே?”

“எங்கேயும் கை குத்தல. எங்கேயும் உறுத்தல. அம்பு சுகமா தூங்குது. எத்தனை பவுண்டு இது?”

தாமோதரன் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் இலக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இருபத்தெட்டு.”

“நான் முப்பத்திரண்டு கேட்டேன்.”

“தண்டு முறுக்கிக்கிட்டு இருந்துச்சும்மா.”

“அப்படியா டீச்சர்?”

“ஒரு தடவை முறுக்குச்சு,” என்றார் ஹம்சவேணி. “அதை அப்பா சரி பண்ணிட்டார்.”

“அப்புறம்?”

“அப்புறம் நடந்ததை அவர்கிட்டதான் கேக்கணும்.”

சுகந்தி கேட்கவில்லை. அப்பாவின் கண் போகிற இடத்தைப் பார்த்தாள். அது அவளுடைய வலது தோளில் இருந்தது. அவள் வில்லை இறக்கினாள்.

“ஒரு வருஷமா என் தோளைப் பார்த்துக்கிட்டே இருக்கீங்க. வலிக்குதான்னு ஒரு தடவை கேட்டிருக்கீங்களா?”

“கேட்டா இல்லம்பே.”

“இல்லைன்னா இல்லதான்ப்பா.”

ரோஜாத் தோட்டத்தில் மோட்டார் ஓடத் தொடங்கியது.

“தேய்ச்சதைத் திரும்ப ஒட்ட முடியாது,” என்றார் தாமோதரன். “ஞாயித்துக்கிழமைக்கு என்ன பண்றது, டீச்சர்? என்னாலதான் இவளுக்கு...”

“அலமாரியில நீங்க ஒட்டின இன்னொரு மொட்டை இருக்கு. எடுங்க.”

“இந்த வில்?”

ஹம்சவேணி சாக்குக்கட்டியைக் கொடுத்து, சுவரைக் காட்டினார். “ஆணியில மாட்டி, பக்கத்துல இருபத்தெட்டுன்னு எழுதுங்க. இருபத்தெட்டு வேணும்னு யாராவது வருவாங்க. அவங்களுக்கு நல்ல வில் இது.”

தாமோதரன் எழுதினார். எழுத்து நேராக வரவில்லை. அழித்துவிட்டு மறுபடி எழுதப் போனவர், டீச்சரைப் பார்த்ததும் அப்படியே விட்டுவிட்டார்.

அன்றும் மறுநாளும் வேலை நடந்தது. ஓரம் வெட்டியாயிற்று. நாணுக்கு வெட்டுப் போட்டாயிற்று. பிடி வந்தாயிற்று. வில்லை முளையில் மாட்டியபோது தாமோதரன் வழக்கம்போலக் கயிற்றைப் பிடிக்கப் போனார்.

“கயிற்றை அவ இழுக்கட்டும்,” என்றார் ஹம்சவேணி. “முள்ளையும் அவளே பார்க்கட்டும். நீங்க தேய்ங்க.”

“அவளுக்கு இந்த வேலை தெரியாதே, டீச்சர்.”

“அவளுக்கு எத்தனை வேணும்னு தெரியும்.”

சுகந்தி தள்ளி நின்று இழுத்தாள். “முப்பத்தாறரை.”

தாமோதரன் வில்லைக் கழற்றித் தேய்த்தார். மாட்டினார்.

“முப்பத்தஞ்சு. கீழே கொஞ்சம் விறைப்பா இருக்கோ?”

“ஆமாம்மா.” அவர் கீழ்த் தண்டைத் தேய்த்தார்.

“முப்பத்திநாலு.”

“பார்த்து இழும்மா.”

“நீங்க பார்த்துத் தேய்ங்க.”

ஹம்சவேணி சிரித்துவிட்டு, பூச்சு டப்பாவைக் கலக்கப் போனார்.

கடைசித் தடவை முள் முப்பத்திமூன்றில் வந்து நின்றது. நாண் இரண்டு தண்டுகளின் நடுவிலும் நேராக ஓடியது. சுகந்தி கயிற்றை விட்டாள்.

“போதும்ப்பா.”

தாமோதரன் ஒரு கண்ணை மூடிக்கொண்டு வில்லின் நீளத்துக்கும் பார்த்தார்.

“மேல் தண்டு ஓரத்துல மட்டும் ஒரு மயிரிழை...”

“அப்பா.”

அவள் முளையிலிருந்து வில்லை எடுத்தாள். இடது கையை நீட்டி, வலது கையால் நாணை இழுத்தாள். நாண் கன்னத்தைத் தொட்டது. அப்படியே நின்றாள். தாமோதரனின் கண் தோளுக்குப் போயிற்று. அவர் கையில் உப்புத்தாள் இருந்தது. கட்டைவிரல் அதன்மேல் தானாகத் தேய்த்துக்கொண்டிருந்தது.

அம்பு இல்லாமல் நாணை விடக்கூடாது. சுகந்தி இழுத்த நாணை மெதுவாகத் திரும்பக் கொண்டுவந்தாள். பிறகு வில்லைத் தோளில் சாய்த்துக்கொண்டு தண்ணீர் குடிக்க வெளியே போனாள்.

தாமோதரன் தாழ்ந்த குரலில் கேட்டார்.

“தோள் தாங்குமா, டீச்சர்?”

“தெரியாது, அண்ணா.”

அவர் எதிர்பார்த்தது அது இல்லை.

“அப்போ நைஸ் தாள் நானே மெதுவா...”

“அதை அவ போடட்டும்.” ஹம்சவேணி உள்ளங்கையை நீட்டினார். “அந்த உப்புத்தாளை இப்படிக் கொடுங்க. அது கையில இருக்கிற வரைக்கும் வேலை மிச்சம் இருக்கிற மாதிரியேதான் தெரியும்.”