கிட்டங்கி படுத்த இடம்

இந்தக் கதையில் மூன்று பேரும் ஒரு பூனையும் உண்டு. மூவரில் ஒருவர்கூடப் பூனைக்குக் கெடுதல் நினைத்தவர் இல்லை. கேள்வி கடினமாக இருப்பது அதனால்தான். பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள் என்பதால் சின்ன விஷயங்களையும் கவனித்துக்கொண்டே வாருங்கள்.

தூத்துக்குடியில் பிளாரன்ஸ் வீட்டில் பதினேழு வயதான வெள்ளைப் பூனை ஒன்று இருந்தது. அவள் தம்பி இக்னேஷியஸ் வேலை தேடி அலைந்த நாட்களில், ஓர் உப்புக் கிட்டங்கியில் மூட்டைகளுக்கு நடுவே கண் திறக்காத குட்டியாக அதைக் கண்டெடுத்தான். பெயரும் கிட்டங்கி என்றே ஆகிவிட்டது. பிறகு அவன் கப்பலுக்குப் போய்விட்டான். பூனை அக்காவிடமே தங்கிவிட்டது.

ஒரு திங்கட்கிழமை மாட்டாஸ்பத்திரி டாக்டர் வீட்டுக்கு வந்து பார்த்தார்.

"கிட்னி முடிஞ்சுபோச்சும்மா. ஒரு ஊசில தூங்க வச்சு அனுப்பிரலாம். இல்லேன்னா தினமும் ரெண்டு வேளை தோலுக்கடியில டிரிப் ஏத்துங்க. நாள் தள்ளும். குணமாகாது."

முதல் டிரிப்பை அவரே ஏற்றிக் காட்டியதும் முதுகுத்தோல் சின்னத் திமில் மாதிரி புடைத்தது. அது வடிய ஐந்தாறு மணி நேரம் ஆகும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மாலை கப்பலிலிருந்து இக்னேஷியஸ் போன் செய்தபோது பிளாரன்ஸ் விஷயத்தைச் சொன்னாள். "சனிக்கிழமை வந்துருவேன்க்கா. அதுவரைக்கும் விட்டுராத. அது என் மடியிலதான் போகணும். சத்தியம் பண்ணு."

பிளாரன்ஸ் சத்தியம் செய்தாள்.

"கப்பல்ல உக்காந்துக்கிட்டு ஆர்டர் போடுதான் உன் தம்பி," என்றான் அவள் கணவன் சந்தியாகு. "ஊசி குத்துறது நாம."

காலையில் அவள் ஏற்றினாள். பள்ளிக்கூட அலுவலகத்தில் அவளுக்கு வேலை என்பதால் மத்தியானம் மூன்று மணிக்கு அவன் ஏற்றினான். படகு இன்ஜின் மெக்கானிக், கை நடுங்காது. ஜன்னல் கம்பியில் தொங்கிய பாட்டிலில் ஒரு பிளாஸ்திரி ஒட்டி, ஒவ்வொரு வேளைக்கும் தண்ணீர் இறங்கிய மட்டத்தில் பேனாவால் கோடு போட்டார்கள்.

கிட்டங்கிக்குக் கூடையில் பழைய போர்வை விரித்திருந்தார்கள். அது அங்கே தங்கவில்லை. பின்கால் இழுபட, பாத்திரம் தேய்க்கும் தொட்டிக்கு அடியில் போய் ஈரச் சிமெண்டில் வயிறு பதியப் படுத்தது. "சவத்து மூதி, ஈரத்துல கிடந்தா சளி பிடிக்கும்லா," என்று பிளாரன்ஸ் தூக்கிக் கூடையில் விடுவாள். செவ்வாய்க்கிழமை நான்கு முறை. புதன்கிழமை ஏழு முறை. அவள் இல்லாதபோது சந்தியாகுவும் தூக்கி விட்டான்.

வியாழக்கிழமை நாலரைக்கு வீடு திரும்பியவள் பூனையின் முதுகைத் தடவினாள். திமில் இல்லை. பாட்டிலில் மட்டம் இறங்கியிருந்தது. கோடும் இருந்தது.

"ஏத்துனீங்களா?"

"கோட்டப் பாரு."

"நான் முதுகைப் பாத்துட்டேன்."

சந்தியாகு செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். "தொட்டில ஊத்திட்டேன். காலைல ஊசிய எடுக்கும்போது நீ கண்ண மூடிக்கிடுத. மூணு நாளா அதப் பாத்துட்டேன். என்னால முடியல."

அவள் திட்டவில்லை. காபி போட்டாள். இருவரும் குடித்தார்கள்.

வெள்ளிக்கிழமை அவள் வேலைக்கு லீவு சொன்னாள். அன்றைக்கு உரிய கோடு அந்தப் பிளாஸ்திரியில் இல்லை. காலைப் பாத்திரங்களையும் இரவுப் பாத்திரங்களையும் குளியலறையில் வைத்துத் தேய்த்தாள்.

சனிக்கிழமை பத்து மணிக்கு இக்னேஷியஸ் பெட்டியோடு வந்தான். பூனை தொட்டிக்கு அடியில் கிடந்தது, மூச்சு ஓடிக்கொண்டிருந்தது. மடியில் எடுக்கக் கையை நீட்டினான். கிட்டங்கி தலையைத் தூக்கவில்லை. முன்னங்கால் நகங்களை மட்டும் சிமெண்டில் ஊன்றியது. அவன் கையை இழுத்துக்கொண்டான். பிறகு இஸ்திரி போட்ட சட்டையோடு அங்கேயே பக்கத்தில் படுத்தான். தொடவில்லை. முக்கால் மணி நேரத்தில் மூச்சு நின்றது. எழுந்தபோது சட்டையின் ஒரு பக்கம் முழுக்க நனைந்திருந்தது.

"சொன்ன சொல்லக் காப்பாத்திட்டக்கா," என்றான்.

பிளாரன்ஸ் அவனுக்கு மாற்றுச் சட்டை எடுக்கப் போனாள்.

இப்போது சொல்லுங்கள். அந்த ஆறு நாளில் மற்றவருக்காக இல்லாமல், தனக்காகவும் இல்லாமல், கிட்டங்கிக்காக மட்டும் செய்தவர் யார்?

விடை: இக்னேஷியஸ் என்றுதான் பலரும் சொல்வார்கள். மடி வேண்டும் என்று ஐந்து நாள் காக்க வைத்தவன், கடைசியில் மடியை விட்டுக்கொடுத்தான். அது பெரிய விஷயம்தான். ஆனால் அவன் சட்டை எப்படி நனைந்தது? முந்தின நாள் முழுக்க அந்தத் தொட்டியில் ஒரு பாத்திரமும் தேய்க்கவில்லை; தரை காய்ந்திருக்க வேண்டும். சந்தியாகு ஊற்றியது வியாழக்கிழமை, அதுவும் மனைவியின் முகத்துக்காக. வெள்ளிக்கிழமை பூனையைத் தூக்காமல், டிரிப்பையும் ஏற்றாமல், சத்தம் போடும் பாத்திரங்களையும் அகற்றிவிட்டு, சிமெண்ட் காயக் காயக் குவளையால் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தவள் ஒருத்திதான். சத்தியத்தை மீறிவிட்டோம் என்றுதான் பிளாரன்ஸ் நினைத்துக்கொண்டிருக்கிறாள். தம்பியிடம் அதைச் சொல்லவில்லை. அடுத்த திங்கட்கிழமையும் பாத்திரங்களைக் குளியலறையில்தான் தேய்த்தாள்.