ஞாயிற்றுக்கிழமைச் சொல்

"அவன் அனுப்பவே இல்ல, டீச்சர். ஊரை ஏமாத்தறான்."

நீலமேகம் உட்காரக்கூட இல்லை. வாசலில் செருப்போடு நின்றபடியே இதைச் சொன்னார்.

சகாயமேரி டீச்சர் சேலைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். திண்டிவனத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் எடுப்பவர். நீலமேகத்துக்கு மகள் வயதுதான் இருக்கும். ஆனால் அமெச்சூர் ரேடியோவில், அதிலும் மிகக் குறைந்த அலைவரிசையில், இரைச்சலுக்கு அடியில் புதைந்து கிடக்கும் சிக்னலைத் தோண்டி எடுப்பதற்கு அவரை விட்டால் அந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது. உரத் தொழிற்சாலையில் மீட்டர்களைச் சரிபார்த்தே தலை நரைத்து ஓய்வு பெற்றவர் நீலமேகம். வேறு வழியில்லாமல் அவரிடம் பாடம் கேட்க வந்தவர்.

"யாரு அனுப்பல, சார்?"

"உங்களுக்குத் தெரியாதா?"

தம்பி பெயரை அவர் வாயால் சொல்வதில்லை.

தம்பி தணிகாசலம் இருப்பது ஏலகிரி மலையில். அம்மா கடைசியில் அவர் வீட்டில்தான் இருந்தாள். அம்மா இறந்த அன்று நீலமேகம் தொழிற்சாலையில் இரவு வேலையில் மாட்டிக்கொண்டார். சேதி தெரிந்து, பஸ் மாறி மாறி மலையேறிப் போய்ச் சேர்ந்தபோது சுடுகாட்டில் புகைதான் மிச்சம். கோடைக்காலம், ஐஸ் பெட்டி கிடைக்கவில்லை, பெரியவர்கள் அவசரப்படுத்தினார்கள் என்று தம்பி என்னென்னவோ சொன்னார். நீலமேகம் அத்தனை உறவுக்கும் முன்னால், "இனிமே எனக்குத் தம்பி கிடையாது" என்றார். "நீ வரவே மாட்டேன்னு நெனச்சோம்" என்றார் தணிகாசலம். அதோடு பேச்சு அறுந்தது. நீலமேகம் போன் நம்பரையே மாற்றிவிட்டார்.

பல வருஷம் போயிற்று.

இந்த மழைக்காலம் முடிந்ததும் தணிகாசலம் ரேடியோ நண்பர்களிடம் ஒரு அறிவிப்புக் கொடுத்தார். ஞாயிறுதோறும் விடிந்ததிலிருந்து உச்சிவேளை வரை குறைந்த அலைவரிசையில் ஒரு சேதி அனுப்புவார். மிக மெதுவாக, தந்தி அடிப்பதுபோல் புள்ளியும் கோடுமாக. ஒரு எழுத்து போய் முடிவதற்குள் ஒரு உலை சோறு வெந்துவிடும். வாராவாரம் அதே சேதிதான். அது அவருடைய அண்ணனுக்கு.

அண்ணன் பெயரை அவரும் சொல்லவில்லை.

நீலமேகம் மரக்காணம் உப்பளத்தின் ஓரத்தில், கரண்ட் கம்பியின் இரைச்சல் எட்டாத இடமாகப் பார்த்து, ஒரு தகரக் கொட்டகை போட்டார். பேட்டரி வைத்தார். ஏரியலுக்கு நீளமாக ஒயர் இழுத்துக் கட்டினார். அவன் சொல்வதைக் கேட்பதற்காக இல்லை, அவன் பொய்யைப் பிடிப்பதற்காக என்று மனைவியிடம் சொல்லிவிட்டுப் போனார்.

ஞாயிறு மேல் ஞாயிறாக உட்கார்ந்தார். கம்ப்யூட்டர் திரையில் மணல் மாதிரி வெறும் இரைச்சல்தான் ஓடியது. ஒரு புள்ளி இல்லை, ஒரு கோடு இல்லை.

"சிக்னல் வந்துச்சு, சார்," என்றார் டீச்சர். "நான் எடுத்தேன்."

நீலமேகத்துக்கு முகம் சிவந்துவிட்டது. என்ன சொன்னான் என்று கேட்டார். டீச்சர் சேலையைத் திருப்பிப் போட்டார்.

"சொல்லுங்க டீச்சர்."

"அது எனக்கு வந்த சேதி இல்ல."

நீலமேகம் குரலை உயர்த்தினார். ஒரு வயதானவனை இப்படி அலைக்கழிப்பது நியாயமா என்றார். நீங்களும் அவனோடு சேர்ந்துகொண்டீர்கள் என்றார். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்து மூடியது. டீச்சர் இஸ்திரிப் பெட்டியை அணைத்து ஓரமாக நிறுத்தினார். பிறகு, பதிவு செய்யும்போது எந்தக் கடிகாரத்தை வைத்துச் செய்கிறீர்கள் என்று மட்டும் கேட்டார்.

"என்னோடதுதான். நானே செஞ்சது."

"சேட்டிலைட் நொடி வருமே, அந்த ஒயரு?"

"பிடுங்கிப் போட்டுட்டேன். இத்தனை வருஷம் ஆலையில எல்லாக் கடிகாரத்தையும் திருத்தினவன் நான். எனக்கு வானத்துலேர்ந்து ஒருத்தன் நொடி சொல்லணுமா?"

டீச்சர் சாவியை எடுத்துக்கொண்டார். "வாங்க."

பள்ளிக்கூட மைதானத்தில் விடுமுறை வெயில் காய்ந்தது. ஆள் இல்லை. சங்கிலி ஊஞ்சல் ஒன்று தொங்கியது. காற்று அதைக் கொஞ்சம் ஆட்டிக்கொண்டிருந்தது.

"தள்ளுங்க. ஒரே ஒரு விரலால."

நீலமேகம் அவரை முறைத்தார். பிறகு ஒரு விரலால் தள்ளினார். ஊஞ்சல் அசைந்தது. திரும்பி வந்தபோது மறுபடி தள்ளினார். மறுபடி. ஒரு விரல்தான். மெல்ல மெல்ல ஏறி, ஊஞ்சல் அவர் தலை உயரத்துக்குப் போய்வந்தது.

"உங்க தம்பி மலையிலேர்ந்து தள்றது அவ்வளவுதான், சார். ஒரு விரல். அதை நேரம் தப்பாமச் சேர்த்தாத்தான் ஏறும்."

"அது எனக்குத் தெரியும்."

"இப்ப கண்ணை மூடிக்கிட்டுத் தள்ளுங்க. உங்க எண்ணிக்கைப்படி."

கண்ணை மூடினார். வாய்க்குள் எண்ணிக்கொண்டே தள்ளினார். முதலில் சரியாகத்தான் இருந்தது. பிறகு எண்ணிக்கை துளி முந்தியது. அவருக்குத் தெரியவில்லை. ஊஞ்சல் இன்னும் வந்துகொண்டிருந்தபோதே விரல் முன்னால் போனது. பலகை அவர் கையில் மோதியது. எரிச்சலோடு இன்னும் வேகமாக எண்ணினார். மறுபடி மோதியது. அவர் முதலில் ஏற்றியதையெல்லாம் அவரே இறக்கினார்.

கண்ணைத் திறந்தபோது ஊஞ்சல் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

விரல் வீங்கியிருந்தது. நீலமேகம் ஊஞ்சலை ஒரு உதை உதைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்.

அடுத்த ஞாயிறு டீச்சர் உப்பளத்துக்குப் போனபோது சேட்டிலைட் ஒயர் மாட்டியிருந்தது. நீலமேகம் வாங்க என்று சொல்லவில்லை. பழைய ஸ்டூலை மட்டும் அவர் பக்கம் தள்ளினார்.

பதிவு ஓடியது. மேலே வெயில் ஏற ஏறத் தகரம் சுட்டது. திரையின் ஓரத்தில் இரண்டு எண்கள் ஓடின. ஒன்று வானத்து நொடி. இன்னொன்று நீலமேகம் செய்த கடிகாரத்தின் நொடி. காலையில் இரண்டும் ஒன்றாக நின்றன. வெயில் ஏறியதும் அவருடையது விலகத் தொடங்கியது. மயிரிழைதான். ஆனால் விலகிக்கொண்டே போனது.

அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சூட்டுக்கு ஓடுது," என்றார் கடைசியில். "அது என் தப்பு இல்ல."

"இல்லதான்," என்றார் டீச்சர்.

"ஆனா காலையில சேர்த்ததை மத்தியானம் அழிச்சிருக்கு."



போன ஞாயிறுகளின் பதிவெல்லாம் அப்படியே இருக்கிறது, அவற்றை இப்போது திருத்த முடியுமா என்று நீலமேகம் கேட்டார். முடியாது என்றார் டீச்சர். எந்த நொடியில் எவ்வளவு விலகியது என்பதற்கு அவற்றில் சாட்சி இல்லை. நீலமேகம் அந்தக் கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் வெளியே போய், உப்புப் பாத்தி வரப்பில் கொஞ்ச தூரம் நடந்துவிட்டுத் திரும்பி வந்தார்.

உச்சிவேளை ஆயிற்று. மலையில் தணிகாசலம் அனுப்பி முடித்திருப்பார்.

டீச்சர் கம்ப்யூட்டரில் பதிவை எடுத்தார். சிக்னலின் ஒவ்வொரு துளியையும் அது வந்த நொடியில் கொண்டுபோய் நிறுத்தும்படி வைத்துவிட்டு, விலகி உட்கார்ந்தார்.

திரையில் மணல் ஓடியது. மணலுக்குள் ஒரு கோடு கிளம்பியது.

நீலமேகம் ஸ்டூலை இழுத்துக்கொண்டு அருகில் வந்தார்.

ஒரு புள்ளி. ஒரு கோடு. இளைத்துப் போன கோடு, ஆனால் வளையாமல் நேராக நின்றது. அந்தப் புள்ளியையும் கோட்டையும் படிக்க அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பையன்களாக இருந்தபோது அண்ணனும் தம்பியும் ஒரே கட்டிலில் படுத்துக்கொண்டு சுவரில் தட்டித் தட்டிப் பழகியது அது.

எழுத்து எழுத்தாக முதல் சொல் வந்தது.

*இன்னும்.*

நீலமேகம் அந்தச் சொல்லின் மேல் விரல் வைத்தார்.

இன்னும் என்றால் என்ன? இன்னும் இருக்கிறேன் என்கிறானா? இன்னும் மறக்கவில்லை என்கிறானா? டீச்சர் முகத்தைப் பார்த்தார். டீச்சர் உப்பளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடுத்தது வருமா?"

"வரும்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டினார். அவன் மன்னிப்புக் கேட்டால் என்ன செய்வது என்று அவர் இதுவரை யோசித்ததே இல்லை.

இரண்டாவது சொல் வந்து முடிந்தது.

*கோபம்.*

நீலமேகம் அதை மறுபடி படித்தார். முதலிலிருந்து படித்தார்.

இன்னும் கோபம்.

"இதுக்கா?" என்று எழுந்துவிட்டார். கொட்டகை அதிரக் கத்தினார். "இதைச் சொல்லவா வாராவாரம் உட்கார்ந்து அனுப்பறான்? அவனுக்கு என்ன கோபம்? கோபப்பட வேண்டியவன் நான். மலை உச்சியில ஒயர் கட்டி, பேட்டரி சுமந்து, விடியலேர்ந்து மத்தியானம் வரைக்கும், மழைக்காலம் முடிஞ்சதிலேர்ந்து ஒரு வாரம் விடாம..."

நிறுத்திவிட்டார்.

தகரத்தின் மேல் ஏதோ ஒரு பறவை நடந்தது.

அவர் மறுபடி உட்கார்ந்தார். டீச்சர் கொண்டுவந்த தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டபோது முகம் பழையபடி கடுத்திருந்தது.

"டீச்சர். நானும் அனுப்பணும்."

"என்னன்னு, சார்?"

"எனக்கும்னு. அந்த ஒரு சொல்லுதான். வேற ஒண்ணும் வேணாம்."

கேட்பதற்கு இந்த ஒயர் போதும், அனுப்புவதற்குச் சின்னது, அதனால் சேதி மலைக்கு எட்ட வேண்டுமானால் தணிகாசலம் சாரைவிட மெதுவாக அனுப்ப வேண்டும் என்றார் டீச்சர். ஒரு ஞாயிறு போதாது. பல ஞாயிறு அனுப்பி அவர் சேர்த்துக்கொண்டே வர வேண்டியிருக்கும்.

"பரவால்ல."

"நடுவுல மாத்தக் கூடாது. முதல் ஞாயிறு அனுப்பினது எப்படியோ கடைசி ஞாயிறும் அப்படியே இருக்கணும். இல்லன்னா அழிஞ்சிடும்."

"ஊஞ்சல்லதான் பார்த்தேனே. கடிகாரத்தை நான் பார்த்துக்கறேன்."

"கடிகாரத்தைச் சொல்லல, சார்," என்றார் சகாயமேரி டீச்சர். "அனுப்பி முடிக்கிற வரைக்கும் உங்களுக்குக் கோபம் இருக்குமா?"

நீலமேகம் பதில் சொல்ல வாயைத் திறந்தார்.