ரசத்துக்கு ஒரு கலிங்கு

ஆலங்கரைச் சீமையை ஆண்ட கருணாகர ராயருக்கு ரசம் என்றால் உயிர். அதற்கு அடுத்தபடி பெரிய ஏரி. அந்த வருஷம் புதிதாக ஒரு படகு செய்திருந்தார். ஐப்பசிக் கடைசியில் அதில் ஏறி வலம் வரவேண்டும், அன்றைக்கு ஏரி கரை விளிம்புவரை தளும்பி நிற்கவேண்டும் என்று ஆசை.

"தளும்ப வைக்கிறேன்," என்றார் தானாபதி சூரப்பர். ராஜாவுக்குக் காலையில் ஒரு ஆசை வந்தால் மாலைக்குள் அதை உத்தரவாக்கிவிடுகிற மந்திரி அவர்.

ஏரிக்கரை மண்ணால் ஆனது. மிச்சத் தண்ணீர் வெளியே போவதற்கென்று அதன் வடகோடியில் கல்லால் ஒரு வழி கட்டியிருந்தார்கள். கலிங்கு என்று பெயர். சூரப்பர் ஆட்களை அனுப்பி, கலிங்குக் கற்களின் இடைவெளியையெல்லாம் வைக்கோலும் களிமண்ணும் திணித்து அடைத்தார். "இனி ஒரு சொட்டு வெளியே போகாது," என்று வந்து சொன்னார். ராஜா தம் கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றிக் கொடுத்தார்.

மழை பிடித்துக்கொண்டது. நாலாம் நாள் காலையில் கலிங்குக் காவல்காரன் ஒச்சப்பன் மண்வெட்டியை எடுத்து அடைப்பைப் பிளந்து தண்ணீரை விட்டான். சற்று நேரத்தில் அவனைக் கட்டி இழுத்துவந்தார்கள். பிளந்த இடத்தை மறுபடி பூசியும்விட்டார்கள்.

"ராஜாவின் தண்ணீரைத் திருட்டுத்தனமாக வெளியே விட்டவன் இவன்," என்றார் சூரப்பர்.

"திறந்தது நீதானா?" என்றார் ராஜா.

"நான்தான் சாமி. தண்ணிக்கும் கரை மேட்டுக்கும் ஒரு சாண்தான் இருந்துச்சு."

"இருந்தால் என்ன? இருபது அடி அகலக் கரை."

"அகலம் இருக்கு சாமி. ஆனா மண்ணு. பக்கத்துல சாஞ்சு நிக்கிற தண்ணிய எம்புட்டுன்னாலும் தாங்கும். தலைக்கு மேல ஏறி வழிஞ்சா தாங்காது. ஒரு விரக்கடை அகலம் அறுத்துச்சுன்னா அப்புறம் கரையே இல்ல. கீழ எட்டு ஊரு கிடக்கு."

"இவனைப் போய்க் காவலுக்கு வைத்தோமே, ஒரு சாண் தண்ணீருக்கு நடுங்குகிறான்," என்றார் சூரப்பர். சபை சிரித்தது.

அரண்மனையில் ஓலை எழுதுகிறவர் பிச்சாண்டி. ராஜா சொல்லச் சொல்ல எழுதினார். 'தேக்கிய நீருக்குக் கரையில் வழி விட்ட கை மணிக்கட்டோடு வெட்டப்படும்.'

"யார் கையானாலும் என்று சேர்த்துக்கொள்ளும்," என்றார் சூரப்பர். "நாளைக்கு இன்னொருவன் துணியக்கூடாது."

பிச்சாண்டியின் எழுத்தாணி நின்றது. "யார் கையானாலுமா?"

"யார் கையானாலும்."

ராஜாவும் தலையாட்டினார். பிச்சாண்டி அதையும் எழுதி, கைச்சாத்து வாங்கி, ஓலையை இடுப்பில் செருகிக்கொண்டார். மதியச் சாப்பாடு முடிந்ததும் தண்டனை. வெளியே மழை வலுத்தது.

பந்தியில் ராஜா புது வெண்பட்டு உடுத்திச் சம்மணமிட்டிருந்தார். எதிரே சூரப்பர். ராஜா ரசம் சாப்பிடுவதற்கு ஒரு முறை உண்டு. சோற்றைக் குவித்து, நடுவில் குழித்து, சுற்றிலும் விரலால் கரை அணைப்பார். அதில் ரசம் தேங்கி நிற்பதைக் கொஞ்ச நேரம் பார்ப்பார். பிறகுதான் பிசைவார்.

அன்று பிச்சாண்டி, பரிமாறுகிறவனிடமிருந்து ரசச் செம்பை வாங்கிக்கொண்டார். ஆவி பறந்தது.

"நீரா பரிமாறுகிறீர்?" என்றார் ராஜா.

"இன்றைக்கு என் கையால், மகாராஜா."

ஊற்றினார். குழி நிரம்பியது.

"போதும் ஓய்."

"இன்னும் ஒரு விரக்கடை இருக்கிறது, மகாராஜா."

ஊற்றினார்.

"போதும் என்கிறேன்!"

"மகாராஜா கட்டிய கரை. தாங்காதா என்ன?"

மடிப்பக்கம் ஒரு பருக்கை நகர்ந்தது. அதன் பின்னால் நாலு பருக்கை. ரசம் கோடு போட்டுக்கொண்டு இலையில் இறங்கி வெண்பட்டை நோக்கி வந்தது. செம்பு இன்னும் சாய்ந்தே இருந்தது.

ராஜா யோசிக்கவில்லை. எதிர்ப்பக்கச் சோற்றை விரலால் சடக்கென்று கீறிவிட்டார். ரசம் அந்த வழியே பாய்ந்து, இலையைத் தாண்டி, தரையில் ஓடி, சூரப்பரின் கால்விரலைச் சுட்டது. அவர் இலையை விட்டுத் துள்ளி எழுந்தார். இந்தப் பக்கம் வந்த கோடு வேட்டிக்கு ஒரு விரல் முன்னால் நின்றுவிட்டது.

பிச்சாண்டி செம்பைக் கீழே வைத்தார். இடுப்பிலிருந்த ஓலையை எடுத்து, சபையில் வாசிக்கிற அதே குரலில் வாசித்தார்.

"தேக்கிய நீருக்குக் கரையில் வழி விட்ட கை, யார் கையானாலும், மணிக்கட்டோடு வெட்டப்படும்."

"சாப்பிடுகிற இடத்தில் என்ன ஓய் இது?"

"சட்டம், மகாராஜா. தானாபதியாரே, வாள்காரனைக் கூப்பிடுங்கள். ஒரே ஒரு சந்தேகம். அது ஓலையில் இல்லை." பிச்சாண்டி பணிவாகக் குனிந்தார். "மகாராஜா கை கழுவிய பிறகா, அதற்கு முன்பா?"

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. ராஜா தம் விரலைப் பார்த்தார். அதில் ஒரு பருக்கை ஒட்டியிருந்தது. பிறகு வேட்டியைப் பார்த்தார்.

"இந்த வேட்டிக்காகத் திறந்தேன்," என்றார்.

"நல்ல பட்டு, மகாராஜா."

ராஜாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்து முடித்த கையோடு ஓலையை வாங்கி இரண்டாக ஒடித்தார்.

"ஒச்சப்பனை அவிழ்த்துவிடுங்கள். கலிங்கை இப்போதே திறக்கட்டும். சூரப்பரே, அடைத்தவர் நீர்தானே? மாலையைக் கழற்றிப் பிச்சாண்டியிடம் கொடுத்துவிட்டு நீரும் ஒரு மண்வெட்டியோடு போம்."

ஒச்சப்பன் கும்பிட வரவில்லை. கட்டை அவிழ்த்தவுடன், "என் மண்வெட்டி எங்க?" என்று மட்டும் கேட்டுவிட்டு மழையில் ஓடினான். பொழுது சாய்வதற்குள் கலிங்கு இரைகிற சத்தம் அரண்மனை மாடம்வரை கேட்டது.

மறுநாள் பந்தியில் ராஜா சோற்றைக் குழித்தார், கரை அணைத்தார், மடிக்கு எதிர்ப்பக்கம் ஓரமாக ஒரு சின்ன வழியும் வைத்தார். சூரப்பர் தம் இலையை இரண்டு முழம் தள்ளிப் போட்டுக்கொண்டார். ராஜா செம்புக்காரனைப் பார்த்து, "கொஞ்சம்," என்றார். பிறகு திரும்பி, ஊற்றுவது பிச்சாண்டி இல்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டு, "இன்னும் கொஞ்சம்," என்றார்.