கேட்காமல் அடித்த காவல்

அந்தக் காலத்தில் கோழி பேசினால் மனிதருக்குப் புரியும். கோழியின் குடலைக் காத்தவர்கள் பேசினால் கோழிக்குக் கேட்கும். ஒவ்வொரு கோழியின் குடலிலும் வெள்ளை வெளேரென்று ஒரு காவல் கூட்டம் இருந்தது. உள்ளே வரும் வேற்றாளை விசாரித்து, ஆகாதவன் என்றால் அடித்துத் துரத்துவது அவர்கள் வேலை. ஆனால் வந்தவர் வயிறாரச் சாப்பிட்டு எழும்வரை பெயரோ ஊரோ கேட்பது கோழிக்குலத்தில் பெரிய அவமரியாதை. காவல்காரர்களும் அந்தக் குலம்தானே, முதலில் இலை போட்டார்கள்.

பொறிச்சி என்ற கோழி இந்த முறையை ஒரு படி கூடவே கடைப்பிடித்தவள். காக்கைக்குக்கூட இரையில் பங்கு கொடுப்பாள். கொடுத்ததை நாலு பேரிடம் சொல்லாமலும் இருக்கமாட்டாள். அவள் அடைகாத்துப் பொரித்தது பதினோரு குஞ்சுகள்.

அந்த ஐப்பசியில் மழை விடவே இல்லை. சகதியில் கிடந்த கம்பு மணியைத் தொற்றிக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத கிருமி ஒன்று மூத்த குஞ்சின் குடலுக்குள் போனது. காவல்காரர்கள் உட்காரவைத்துப் பரிமாறினார்கள். சாப்பிடச் சாப்பிட அது இரண்டானது, நாலானது, நானூறானது. அத்தனைக்கும் சளைக்காமல் பரிமாறிவிட்டு, ஊர் எது என்று கேட்கப் போனபோது காவல்காரர்கள் நிற்கக்கூட இடமில்லை. மூத்தது கழிந்து கழிந்து செத்தது. அதன் எச்சத்தைக் கொத்திய மற்றவற்றுக்குள்ளும் இதே விருந்து நடந்தது. ஏழு நாளில் பத்துக் குஞ்சுகள் போய்விட்டன. பொறிச்சி அழுது ஓய்ந்து, எஞ்சிய கடைக்குட்டியைச் சிறகுக்குள்ளேயே வைத்துக்கொண்டாள்.

எட்டாம் நாள் கடைக்குட்டிக்கும் கழிச்சல் தொடங்கியது. பொறிச்சி அதன் அலகைத் திறந்து உள்ளே குரல் கொடுத்தாள். அங்கே காவலுக்குத் தலைவன் வெள்ளையன். புதிதாக ஒருவர் வந்திருக்கிறார், இப்போதுதான் இலையில் உட்கார்ந்தார் என்று அவன் மரியாதையாகச் சொன்னான்.

"பத்துப் பிள்ளையும் இப்படி விருந்து வெச்சுத்தான் போச்சு. எழுப்பி அடி."

"யாருன்னே தெரியாம எப்படி ஆத்தா அடிக்கிறது? நல்லவரா இருந்தா?"

"இருந்தா அந்தப் பாவம் எனக்கு."

வெள்ளையன் தயங்கினான். தங்களுக்கு அளந்து அடிக்கத் தெரியாது என்றான். நெருப்பை மூட்டிக்கொண்டுதான் இறங்குவார்கள். குஞ்சின் உடம்பு கொதிக்கும், வந்தவனோடு சேர்ந்து குடலும் வேகும். அடித்து முடிக்கும்வரை ஒரு மணி இரைகூட உள்ளே வரக்கூடாது, வந்தால் அது எதிரிக்குத்தான் சோறு. பாதியில் நிறுத்தவும் முடியாது.

"பிள்ளை தாங்குமா?"

"தெரியாது ஆத்தா."

பத்தைப் பறிகொடுத்தவளுக்கும் விருந்தாளியை அடிக்கச் சொல்ல நாக் கூசியது. அதோடு தன் வாயால் தன் பிள்ளைக்கே தீ வைக்கவும் சொல்லவேண்டும். உள்ளே இருப்பவன் அதற்குள் இரண்டாகியிருந்தான்.

"கேக்காம அடி" என்றாள்.

கடைக்குட்டி சிறகெல்லாம் சிலிர்த்து, கழுத்தை உள்ளே இழுத்து, கண்ணை மூடிக்கொண்டது. தொட்டால் சுட்டது. பொறிச்சி பழக்கதோஷத்தில் ஒரு மணியைக் கொத்திக்கொண்டு போனாள். அது முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஊருக்கெல்லாம் இரை கொடுத்தவள் அந்த மணியைக் காலால் மண்ணுக்குள் தள்ளி மூடினாள். அவள் வாழ்நாளில் அதைவிடக் கடினமான வேலை செய்ததில்லை.

இரண்டாம் நாள் வீட்டுக்காரி சீனியம்மா வந்து பார்த்தாள். இது தேறாது, மற்றக் கோழிகளுக்கும் ஒட்டும், குழியில் போட்டுவிடலாம் என்று கையை நீட்டினாள். பொறிச்சி குறுக்கே வந்து நின்றாள்.

"தொடாதே தாயி. இது சாகுற கோலம் இல்ல. உள்ள சண்டை நடக்குது."

சீனியம்மா நம்பவில்லை. ஆனாலும் பெற்றவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

நாலாம் நாள் காலையில் கடைக்குட்டி கண் விழித்து, தள்ளாடி நடந்து, குப்பையைக் கிளறியது. அது பிழைத்துக்கொண்டது. வெந்த குடல் முழுதாக ஆறவில்லை. எவ்வளவு தின்றாலும் அது மற்றக் கோழிகள் அளவுக்கு வளரவே இல்லை.

அன்று முதல்தான் கோழிக் குடலின் காவல், வந்தவன் யாரென்று கேட்காமல் முதலில் அடிக்கிறது. நோய் கண்ட கோழி இரையைத் திரும்பிப் பாராமல் சிறகைச் சிலிர்த்துக் கண்மூடி நிற்பதும் அன்று முதல்தான். சில கோழிகள் நாலாம் நாள் கிளறப் போகும். சில போவதில்லை, அப்போதும் காவல்காரர்களை எந்தத் தாய்க்கோழியும் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை.